குளிர்நிலத்து ஷார்டனே ஏன் புளிக்கிறது, ஏன் அதற்கு மதிப்பு அதிகம்?

பாசிக்குடாவில் விடுதியொன்றின் உணவுக்கூடத்தில் அண்மையில் பணிக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஊழியர் பயிற்சியின்போது இரண்டு ஷார்டனே வைன்களை அருகருகே வைத்துச் சுவைக்கக் கொடுத்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் வெப்பமான உள்நாட்டுப் பகுதியிலிருந்து வந்தது பழ மணத்தோடும் பட்டர் வாசனையோடும் வாயை நிறைத்ததாம். பிரான்ஸின் ஷப்லியிலிருந்து வந்தது மெலிந்து, புளித்து, மணமே இல்லாததுபோல் இருந்ததாம். அப்படியிருக்க, விலைப்பட்டியலில் ஷப்லி மிகவும் மேலே நிற்பதும், வெளிநாட்டு விருந்தினர் அதையே தேடிக் கேட்பதும் ஏன் என்கிறார். விலையைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், புளிப்பும் அடக்கமும் ஒரு வைனுக்கு எப்படி நற்குணங்களாகும் என்பதே இதன் உட்பொருள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் விடுதிகளில் வைன் பரிமாறும் தொழிலில் பல்லாண்டுகள் இருந்துவிட்டு, இப்போது மட்டக்களப்பில் விடுதி ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து வருகிறேன். நான் திராட்சை பயிரிட்டவனோ வைன் வடித்தவனோ அல்லன். ஆகவே தோட்டத்தையும் நிலவறையையும் பற்றி இங்கே சொல்வது படித்தும் உற்பத்தியாளர்களிடம் கேட்டும் அறிந்தது. மேசையைப் பற்றிச் சொல்வது கைப்பழக்கத்தால் அறிந்தது.

முதலில் பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷார்டனே பிரான்ஸின் பேர்கண்டி பிரதேசத்தில் தோன்றிய வெள்ளைத் திராட்சை. பினோ என்னும் புகழ்பெற்ற இனமும், குவே பிளாங் என்னும், ஒருகாலத்தில் குடியானவர்களின் மலிவான திராட்சையாகக் கருதப்பட்ட இனமும் இயற்கையாகக் கலந்ததில் இது பிறந்தது என்பதை 1999 இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. இந்தப் பழத்துக்கென்று தனித்து உரத்துப் பேசும் மணம் கிடையாது. மஸ்கட் திராட்சையை எங்கே நட்டாலும் அதன் பூமணம் முன்னே வந்து நிற்கும், ஷார்டனே அப்படியன்று. அது வளர்ந்த இடத்தின் தட்பவெப்பமும் வடித்தவர் எடுத்த முடிவுகளும் மறைவின்றி வெளியே தெரியும். ஆகவேதான் ஒரே பழத்திலிருந்து வந்த இரண்டு வைன்கள் உங்களுக்கு உறவே இல்லாதவைபோல் தோன்றின. உங்கள் நாக்கு தவறாகச் சொல்லவில்லை.

குளிர் இந்தப் பழத்துக்குள் என்ன செய்கிறது என்பதில் அறிவியலுக்குச் சந்தேகமில்லை. திராட்சையில் இருக்கும் முக்கியமான அமிலங்கள் இரண்டு: தார்த்தாரிக் அமிலமும் மாலிக் அமிலமும். தார்த்தாரிக் அமிலம் பழம் கனியும் காலத்தில் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். பச்சை அப்பிளில் நாம் உணரும் கூர்மையான புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலமோ, பழத்தின் சுவாசத்தில் எரிந்து குறைந்துகொண்டே போகும். வெப்பம் கூடக்கூட அந்தச் சுவாசமும் வேகமாகும். வெப்பமான நிலத்தில் பகலிலும் இரவிலும் அமிலம் கரைய, வெல்லம், அதாவது பழத்தின் சீனி, விரைவாக ஏறுகிறது. அந்த வெல்லமே நொதித்து மதுசாரமாவதால், அத்தகைய ஷார்டனேகளில் மதுசாரம் 13.5 முதல் 14.5 சதவீதம் வரை இருப்பது வழக்கம். மணமும் அன்னாசி, மாம்பழம், நன்றாகக் கனிந்த பீச் என்ற பக்கம் சாய்கிறது. குளிர்ந்த நிலத்தில் வெல்லம் மெல்ல ஏறுகிறது, அமிலம் தங்குகிறது, மதுசாரம் ஏறத்தாழ 12 முதல் 13 சதவீதத்தில் நிற்கிறது, மணம் எலுமிச்சை, பச்சை அப்பிள், பேரிக்காய் என்ற அளவோடு அமைகிறது. நீங்கள் மெலிவு என்று உணர்ந்ததில் பாதி இந்த மதுசார வேறுபாடுதான், ஏனென்றால் மதுசாரம் வாயில் ஒரு கனத்தையும் இனிப்பின் சாயலையும் தரும்.

அமிலம் வைனில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சமையலறையை வைத்தே சொல்லிவிடலாம். சொதியை இறக்கியதும் தேசிக்காய் பிழிகிறோம் அல்லவா? பிழியாத சொதியிலும் தேங்காய்ப்பால் உண்டு, மஞ்சள் உண்டு, மீன் உண்டு. ஆனால் எல்லாம் ஒன்றாய்க் குழைந்து கிடக்கும். புளி விழுந்த பிறகே ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துலங்குகிறது. வைனில் அமிலம் செய்வதும் அதுவே. மெல்லிய மணங்களைப் பிரித்துக் காட்டுகிறது, வாயில் எச்சில் ஊறச் செய்து அடுத்த கவளத்துக்குத் தயாராக்குகிறது, போத்தலுக்குள் வைன் ஆண்டுக்கணக்கில் கெடாமல் முதிரவும் துணைநிற்கிறது. ஷப்லியின் மிக உயர்ந்த தரமான கிராண்ட் க்ரூ வைன், நல்லதாக இருந்தால், பத்தாண்டுகளுக்கு மேலும் வளரும் என்பது வைன் உலகில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அனுபவம்.

குளிர்நிலம் என்பதற்கு ஓர் அளவு உண்டா என்றால், ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வகைப்பாடு ஒன்று உண்டு: கொடி தளிர்ப்பது முதல் அறுவடை வரையான மாதங்களின் சராசரி வெப்பநிலை 13 முதல் 15 பாகை செல்சியஸ் வரை இருந்தால் அது குளிர்நிலம். மட்டக்களப்பில் இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்பதை நினைத்தால், அந்த நிலம் எவ்வளவு வேறானது என்று புரியும். ஆனால் போத்தலின் மேல் எழுதப்படும் ‘குளிர்நிலம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அப்படிப்பட்ட சட்ட வரையறை எதுவும் இல்லை; விற்பவர் தாம் நினைத்தபடி எழுதிக்கொள்ளலாம். அகலக்கோட்டை மட்டும் பார்த்தும் முடிவெடுக்க முடியாது. ஷப்லி வடக்கே ஏறத்தாழ 48 பாகையில் இருப்பதால் குளிர்கிறது. அவுஸ்திரேலியாவின் டஸ்மேனியாத் தீவு தெற்கே தள்ளி நிற்பதாலும் சுற்றிலும் கடல் சூழ்ந்திருப்பதாலும் குளிர்கிறது. அதே நாட்டின் அடிலெய்ட் ஹில்ஸ் உயரத்தால் குளிர்கிறது. சிலியின் லிமாரி பள்ளத்தாக்கோ இவற்றைவிடப் பூமத்தியரேகைக்கு அருகே, தெற்கே சுமார் 30 பாகையில் கிடக்கிறது. அங்கே கரையோரமாக ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் அதிலிருந்து எழும் மூடுபனியும் வெப்பத்தை அடக்கிவிடுகின்றன. தென்னாபிரிக்காவின் ஹெமல் என் ஆர்டே, கனடாவின் நயாகரா, அமெரிக்காவின் ஒரேகன், இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் ஆகிய இடங்களும் இந்த வரிசையில் பேசப்படுபவை. அப்படியானால் நுவரெலியா குளிர்கிறதே, அங்கே ஏன் பயிரிடவில்லை என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கிறார்கள். குளிர் மட்டும் போதாது. நல்ல வைன் திராட்சைக்கு, கொடி இலையுதிர்த்து உறங்க ஒரு குளிர்காலமும், பழம் கனியும்போது நீண்ட பகலும் துணைநிற்கும். ஷப்லியில் கோடையின் உச்சத்தில் பகல் 16 மணித்தியாலம் நீளும். எங்கள் மலைநாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலம்தான், உறக்கம் தரும் குளிர்காலமும் இல்லை, பூஞ்சணத்தை வளர்க்கும் மழை மட்டும் நிறைய உண்டு.

ஷப்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது அவசியம், ஏனென்றால் விலையைப் பற்றிய விடையின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. அது நிருவாகத்தில் பேர்கண்டியைச் சேர்ந்திருந்தாலும், பேர்கண்டியின் மையமான போன் நகரத்தைவிட ஷாம்பெயின் பிரதேசத்தின் தென்முனைத் தோட்டங்களுக்கே அருகில் இருக்கிறது. செரன் என்னும் சிறிய ஆற்றின் இரு கரைகளிலும் தோட்டங்கள். மண், கிமெரிஜியன் என்று அழைக்கப்படும் சுண்ணக்கல்லும் சுண்ணக் களிமண்ணும் கலந்தது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது என்பதால், சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கற்களில் நிறைந்து கிடக்கின்றன. ஷார்டனே பருவத்தில் முந்தித் தளிர்க்கும் இனம். ஏப்ரலில் தளிர் வெளிவந்த பிறகு ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் விளைச்சலே கருகிப்போகும். 2021 ஏப்ரலில் பிரான்ஸின் பெரும்பகுதியில் அப்படித்தான் நடந்தது, ஷப்லியும் தப்பவில்லை. இரவிரவாகத் தோட்டத்தில் மெழுகுத் தீச்சட்டிகளை வரிசை வரிசையாகக் கொளுத்திக் காற்றைச் சூடேற்றுகிறார்கள். அல்லது தளிர்களின் மேல் தொடர்ந்து தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் மறைவெப்பம் தளிரைப் பூச்சியத்துக்கு அருகிலேயே காத்து நிற்கும். பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட தளிர் அதனாலேயே உயிர் தப்பும். கோடைகால வெயிலில் கிணற்றடியில் வேலை செய்யும் எங்கள் விவசாயிக்கு விளங்காத துன்பம் அன்று அது; வெள்ளத்தில் வயலைப் பறிகொடுக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு அதன் வலி நன்றாகவே விளங்கும். இந்த ஆபத்தும் உழைப்பும், விளைச்சல் சுருங்கும் ஆண்டுகளும் விலைக்குள் இருக்கின்றன. பெயரின் புகழும் இருக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள எண்ணில் இறக்குமதி வரியும் விடுதியின் இலாபமும் சேர்ந்தே இருக்கின்றன என்பதால், விலை பல மடங்கு என்பதைச் சுவையும் பல மடங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, குளிர்நிலத்தின் வேலையையும் வடிப்பவரின் வேலையையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நீங்கள் சொன்ன பட்டர் வாசனை வெயிலால் வந்ததன்று. முதல் நொதித்தல் முடிந்த பிறகு, ஓனோகொக்கஸ் ஓனி என்னும் பக்டீரியா கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அப்போது டைஅசெட்டில் என்ற சேர்மமும் உண்டாகிறது. பட்டரின் மணத்துக்கு உரியது அதுவே. வனிலா, பாண் வாட்டும் வாசனை ஆகியவை புதிய ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருபவை. நொதிக்கவைத்து இறந்த மதுவத்தின் (ஈஸ்ட்டின்) வண்டலோடு வைனைப் பல மாதங்கள் விட்டு, இடையிடையே கலக்கிவிட்டால் வாயில் பாலாடையின் மென்மை சேரும். குளிர்நிலத்திலும் இவை யாவும் நடக்கலாம், நடக்கவும் நடக்கின்றன. ஷப்லியில் பெரும்பாலானோர் மாலிக் அமிலத்தை மாற்றவே விடுகிறார்கள். ஆனால் உருக்குத் தாங்கிகளிலோ பழைய பீப்பாய்களிலோ வைத்து, மர வாசனை ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பேர்கண்டியில் போன் நகருக்குத் தெற்கே உள்ள மெர்சோவில் 228 லீற்றர் பீப்பாய்களில் நொதிக்கவைப்பதால், அடியில் அமிலத்தின் உறுதியும் மேலே கொட்டைப்பருப்பின் மணமும் சேர்ந்த வைன் கிடைக்கிறது. என் தனிப்பட்ட விருப்பத்தைக் கேட்டால், ஷார்டனேயின் முழு அழகும் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது என்பேன். அது என் ரசனை, பொதுவிதி ஆகாது.

கல்லின் சுவை, கனிமச் சுவை என்று விருந்தினர் பேசுவதைக் கேட்பீர்கள். இதில்தான் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் கவனமாகப் பிரிக்க வேண்டும். அத்தகைய உணர்வு வாயில் ஏற்படுவது உண்மை. பயிற்சி பெற்றவர்கள் பலர் ஒரே வைனில் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் சிப்பிப் புதைபடிவங்களின் சுவை வேர்வழியாக ஏறிக் கிண்ணத்துக்கு வந்துவிட்டது என்ற விளக்கத்தை நிலவியலாளர்கள் ஏற்பதில்லை. பாறைக்குச் சுவை இல்லை. கொடி உறிஞ்சும் கனிம உப்புகள் வைனில் மிக மிகச் சிறிய அளவிலேயே இருக்கின்றன. தீக்கல்லை உரசிய வாசனைக்குச் சில கந்தகச் சேர்மங்கள் காரணம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. உயர்ந்த அமிலமும், பழ மணம் அடங்கியிருப்பதும் சேர்ந்து மிச்ச உணர்வை உண்டாக்குகின்றன என்பது பலர் கருதும் விளக்கம். அது இன்னும் முடிந்த முடிவாகவில்லை. மண்ணுக்கு வேலையே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. நீர் வடியும் விதம், வேர் இறங்கும் ஆழம், சூட்டைத் தாங்கி வைக்கும் தன்மை ஆகியவற்றின் வழியாக மண் பழத்தை ஆள்கிறது. விருந்தினரிடம் சிப்பிக் கதையை அந்த நிலத்தின் வரலாறாகச் சொல்லுங்கள். சுவையின் காரணமாகச் சொல்லாதீர்கள்.

குளிர்நிலத்து ஷார்டனே இவ்வளவு தேடப்படுவதற்கு ரசனையின் வரலாறும் ஒரு காரணம். 1976 இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்துச் சுவைத்த போட்டியில், கலிபோர்னியாவின் ஷட்டோ மொன்டெலினா 1973 ஷார்டனே பேர்கண்டியின் வெள்ளை வைன்களை முந்தியது. அதன் பிறகு உலகெங்கும் ஷார்டனே நடப்பட்டது. வெயிலும் பட்டரும் ஓக்கும் மிகுந்த பாணி பெருகியது. 1990களில் பலருக்கு அது திகட்டி, ஷார்டனே தவிர எதுவானாலும் சரி என்று கேட்கும் நிலை வந்தது. இன்று உங்கள் மேசையில் ஷப்லி கேட்பவர்களில் ஒரு பகுதியினர் அந்தத் திகட்டலிலிருந்து விலகி வந்தவர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: எதிர்ப்பக்கம் ஓடியவர்களும் உண்டு. அமிலத்துக்காகப் பழத்தை முற்றவிடாமல் முந்திப் பறித்து, சதைப்பற்றே இல்லாத வைனை வடித்துவிட்டு, குளிர்நிலத்தின் நேர்த்தி என்று விற்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காத வைன் அப்படிப்பட்டதாக இருந்திருந்தால் உங்கள் தீர்ப்பே சரி. கண்டுபிடிக்கும் வழி, விழுங்கிய பின் அல்லது துப்பிய பின் கவனிப்பது. புளிப்பு மட்டும் பல்லில் நின்று மற்றதெல்லாம் உடனே மறைந்தால் அது வெறுமை. எலுமிச்சையும் அப்பிளும் மெல்ல மெல்ல விரிந்து நெடுநேரம் தங்கினால் அது மெலிவு அன்று, அடக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன் நகரின் அறுவடை நாட்களை 1354 முதல் 2018 வரை தொகுத்து 2019 இல் வெளியான ஆய்வு, 1988 க்குப் பின் அறுவடை முன்னைய நூற்றாண்டுகளைவிடச் சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டதைக் காட்டியது. குளிர்நிலம் என்று இன்று நாம் எழுதும் பெயர்கள் சில நம் பிள்ளைகள் காலத்தில் அப்படி இருக்குமா என்பது திறந்த கேள்வி.

இப்போது எங்கள் ஊரின் விடயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வைனை நம் கரையில் கெடுப்பது மிக எளிது. 30 பாகை வெப்பத்தில் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்த போத்தலில் எலுமிச்சை மணம் போய், நிறம் பொன் பழுப்பாகி, வெட்டிவைத்த அப்பிளின் வாசனை வந்துவிடும். தக்கை வெளியே தள்ளி நிற்பது சூடு பட்டதன் அடையாளம். ஒளியும் பகை, வெளிர்நிறப் போத்தல்களைக் கடற்காட்சி ஜன்னலருகே அழகுக்காக அடுக்கக் கூடாது. பரிமாறும்போது அடுத்த சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நான்கைந்து பாகையில் நேரே எடுத்து ஊற்றினால், இந்த வைனின் மெல்லிய மணங்கள் எழவே மாட்டா, புளிப்பு மட்டும் தூக்கி நிற்கும். பயிற்சியில் உங்களுக்கு மணமே இல்லாததுபோல் தோன்றியதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். மர வாசனையற்ற ஷப்லிக்கு 8 முதல் 10 பாகை, பீப்பாயில் வளர்ந்த ஷார்டனேக்கு 10 முதல் 13 பாகை பொருந்தும். கடற்கரை முற்றத்தில் கிளாஸ் விரைவில் சூடேறிவிடுவதால், ஒரேயடியாக நிறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, போத்தலைத் தண்ணீரும் ஐஸும் பாதிப்பாதி உள்ள வாளியில் வைத்திருங்கள். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் போத்தலை எல்லாப் பக்கமும் தழுவி விரைவாகக் குளிர்விக்கும்.

உணவோடு சேர்ப்பதில் ஒரு விதியை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: வைனின் புளிப்பு உணவின் புளிப்பைவிடக் குறையக் கூடாது, குறைந்தால் வைன் தட்டையாகிவிடும். ஆகவே தேசிக்காய் பிழிந்து சுட்ட அறுக்குளா, விளைமீன், உள்ளியோடு வதக்கிய இறால், அதிகம் உறைப்பில்லாத கணவாய் ஆகியவற்றுக்கு ஷப்லி வகை நன்றாக அமையும். மீன் சொதியோடும் பால்பிட்டோடும் வண்டலில் வளர்ந்த, கொஞ்சம் மென்மையான குளிர்நிலத்து ஷார்டனேயைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அமிலம் வெட்டிச் சுத்தமாக்கும் விதம் ஐரோப்பிய விருந்தினரையே வியக்க வைத்திருக்கிறது. வறுத்த தூள் தாராளமாகப் போட்ட எங்கள் நண்டுக் குழம்புக்கு எந்த ஷார்டனேயையும் நான் பரிந்துரைப்பதில்லை. மதுசாரம் உறைப்பின் எரிவைக் கூட்டும், ஓக் கசக்கும், மெல்லிய வைனோ காணாமலே போகும். விருந்தினர் அதைத்தான் வேண்டுமென்றால், மதுசாரம் குறைந்த, மரம் ஏறாத குளிர்நிலத்து வைன் கெடுதல் குறைந்த தெரிவு. தயிரும் பாணியும் வரும்போது கிளாஸை எடுத்துவிடலாம். இனிப்புக்கு முன் இந்த வைன் வெறும் புளியாகத்தான் தெரியும்.

மேசையில் ஒரு நுட்பத்தையும் நினைவில் வையுங்கள். பிரெஞ்சுப் போத்தல்களில் பெரும்பாலும் ஊரின் பெயரே இருக்கும், பழத்தின் பெயர் இராது. ஷார்டனே எனக்குப் பிடிக்காது, ஷப்லி கொண்டுவாருங்கள் என்று சொல்பவர் வருவார். இரண்டும் ஒரே பழம் என்று அங்கே அவரைத் திருத்த வேண்டாம். அவர் சொல்வதன் பொருள், பட்டரும் ஓக்கும் வேண்டாம் என்பதே. கூர்மையாகவா, மென்மையாகவா விருப்பம் என்று ஒரு கேள்வி கேட்டால் அவருக்கு டஸ்மேனியாவிலிருந்தோ லிமாரியிலிருந்தோ விலை குறைந்த ஒன்றையும் நம்பிக்கையோடு காட்ட முடியும்.

உங்களோடு பணிபுரிவோரில் மதுவைத் தொடாதவர்கள் பலர் இருப்பார்கள். சமயத்தாலோ குடும்பப் பழக்கத்தாலோ அப்படி இருப்பது இந்தத் தொழிலுக்குத் தடை இல்லை. மூக்கால் மட்டும் கற்றுக்கொண்டு திறமையாகப் பரிமாறுவோரை நான் பயிற்றுவித்திருக்கிறேன். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே பயிற்சியைத்தான் சொல்வேன். அந்த இரண்டு வைன்களையும் மீண்டும் ஒருமுறை, இம்முறை இரண்டும் 10 பாகையில், உணவு வாசனை இல்லாத நேரத்தில் ஊற்றி வையுங்கள். உடனே ஒருமுறையும், கால்மணி நேரம் கழித்து ஒருமுறையும் முகர்ந்து, வரும் மணங்களைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கனத்த வைன் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்லும். ஷப்லி முதலில் மூடியிருந்து பிறகு திறக்கும். அது திறக்கவே இல்லையென்றால், குறை சொல்ல வேண்டியது ஷப்லியை அன்று. அந்தப் போத்தல் எங்கே, எந்த வெப்பத்தில் கிடந்தது என்று களஞ்சியத்தில் போய்க் கேளுங்கள்.